உருபு உதிர்ந்த உவமை: மான்டிகோர் என்னும் கலப்பு விலங்கின் வரலாறு

தோற்றுவாய்

அறியாத பொருளை அறிந்த பொருளால் காட்டுவது உவமை. முகம் மதி போன்றது என்று கூறும் புலவன், முகத்தையும் மதியையும் வேறுவேறாகவே அறிவான். கேட்போனும் அவ்வாறே அறிவான். 'போல' என்னும் சிறிய இடைச்சொல் இரண்டுக்கும் நடுவே நின்று, ஒன்று மற்றொன்றாகி விடாமல் காக்கிறது. அச்சொல் மறைந்து 'மதிமுகம்' என நின்றபோதும் நமக்கு மயக்கம் இல்லை. தொக்கு நிற்பதை விரித்துப் பொருள் கொள்ளும் பயிற்சி நம் இலக்கண மரபில் உண்டு.

தொக்கது விரியாமலே போனால் என்ன நேரும்? உவமையைச் சொன்னவன் ஒரு நாட்டிலும் கேட்டவன் வேறொரு நாட்டிலும், எழுதியவன் ஒரு மொழியிலும் படியெடுத்தவன் பிறிதொரு மொழியிலும் இருந்தால், அந்த உருபு எங்கே போகும்? இவ்வினாவுக்கு விடையாக ஒரு விலங்கு நிற்கிறது. சிங்க உடலும், மனித முகமும், எறியும் முட்கள் நிறைந்த வாலும் கொண்ட அவ்விலங்கை இன்று மேலை நாட்டு இளைஞர்கள் மான்டிகோர் என்ற பெயரால் அறிவர். அதன் வரலாறு ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டு நீளமுடையது. அது பிறந்த இடமாகச் சொல்லப்பட்டது இந்தியா.

சிங்க உடலில் வேற்று உறுப்பு என்றதும் நம் கோயில் தூண்களின் யாளி நினைவில் எழுதல் இயல்பு. யாளியின் வரலாறு தனியே பேசத்தக்கது. மான்டிகோர் உளியால் செதுக்கப்பட்டு வளர்ந்ததன்று. ஏட்டிலிருந்து ஏட்டுக்குத் தாவி வளர்ந்தது. சொற்களால் ஆகிய விலங்கு என்பதால், சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அதனை அறிந்து கொள்ளுதல் தகும்.

ஆட்டக் களம்

இன்று இவ்விலங்கு மிகுதியாக உலவும் இடம் ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. இதனை உருவாக்கியோர் கேரி கைகாக்ஸ் (1938-2008), டேவ் ஆர்ன்சன் (1947-2009) என்னும் இருவர். மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்கிய அதன் முதற்பதிப்பு 1000 படிகளே. சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் பழங்காலப் போர்களை நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கிலிருந்து அது கிளைத்தது.

இவ்விளையாட்டின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, திருடன் என ஒரு வேடத்தை ஏற்பர். 'மலைப்பாதையில் இருள் கவிகிறது, மேலே சிறகோசை கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று கதை நடத்துபவர் கேட்பார். ஏற்ற வேடத்துக்குரிய விடையை ஒவ்வொருவரும் சொல்வர். செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஆறு முகப் பகடை மட்டுமன்றி இருபது முகப் பகடையும் உண்டு. முடிவு எழுதப்படாத கதையைப் பலர் கூடி வாய்மொழியாக இயற்றும் ஆட்டம் இது.

கதைக்குப் பகை வேண்டும். ஆகவே விளையாட்டின் முதல் மூன்று நூல்களுள் ஒன்று அரக்க விலங்குகளுக்கும் புதையல்களுக்கும் ஒதுக்கப்பட்டது. கிரேக்கப் புராணத்தின் கைமீரா, பாதி கழுகும் பாதி சிங்கமுமான கிரிஃபின் முதலியவற்றோடு மான்டிகோரும் அங்கு இடம்பெற்றது. 1977இல் 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற தனி நூலாகவே அவ்வரிசை விரிந்தது. அதில் அகரவரிசையில் அடுக்கப்பட்ட உயிர்கள் முந்நூற்றைம்பதுக்கும் மேல். அவற்றுட் சில புத்தம் புதியன. ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட 'ஔல்பேர்' என்பது, ஹாங்காங்கில் செய்யப்பட்ட மலிவான நெகிழிப் பொம்மை ஒன்றைக் கண்டு கைகாக்ஸ் படைத்தது. மான்டிகோரோ பொம்மையிலிருந்து வந்ததன்று. ஒரு மருத்துவர் எழுதிய நூலிலிருந்து வந்தது.

மருத்துவர் எழுதிய நூல்

சிறிய ஆசியாவின் கடற்கரை நகரான நைடஸைச் சேர்ந்த டீசியஸ் என்ற கிரேக்கர், பாரசீகப் பேரரசர் இரண்டாம் அர்தசெர்க்சஸின் அவையில் மருத்துவராக இருந்தவர். கி.மு. 401இல் நிகழ்ந்த குனாக்சா போரில் அரசர் மார்பிற் பட்ட புண்ணுக்கு மருந்திட்டவர் அவரே. தாயகம் திரும்பிய பின் 'இண்டிகா' என்ற பெயரில் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். பாரசீக அவைக்கு வந்த வணிகரும் தூதரும் சொன்னவற்றைக் கேட்டு எழுதினார்.

அம்மூலநூல் இன்று இல்லை. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிளின் சமயத் தலைவராக விளங்கிய ஃபோட்டியஸ் செய்த சுருக்கமும், பிற ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளுமே எஞ்சின. அவற்றிலிருந்து டீசியஸ் கூறிய விலங்கை மீட்டுக் காணலாம். அதன் பெயர் மார்ட்டிகோரா. முகம் மனித முகம் போன்றது. உடல் அளவால் சிங்கம் போன்றது. நிறம் சாதிலிங்கம் போன்ற சிவப்பு. பற்கள் மூன்று வரிசை. வால் தேளின் வால் போன்றது. அதன் நுனிக் கொடுக்கு ஒரு முழத்துக்கு மேல் நீளும். வாலில் வேறு முட்களும் உண்டு. அவற்றை அம்பு போல எறியும். ஒரு பிளெத்ரான் தொலைவு, அதாவது நூறு கிரேக்க அடி தொலைவு, அவை பாயும். எறிந்த முள்ளின் இடத்தில் புதுமுள் முளைக்கும். யானையைத் தவிர எவ்வுயிரையும் அம்முள் கொல்லும். குரல் எக்காளம் போன்றது. மனிதரை விரும்பி உண்ணும்.

இவ்வருணனையில் 'போன்ற' என்னும் சொல் எத்தனை முறை வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உவமம் தோன்றும் வகைகளாகத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்கு கூறுவார். சிங்கத்தின் அளவு மெய்யுவமம், சாதிலிங்கம் உருவுவமம், அம்பும் தேளும் வினையுவமம், எதிர்ப்பட்ட உயிர் மாய்தல் பயன். ஒரு விலங்கைக் கண்டறியாத மக்களுக்கு அதனைக் கூறப் புகுந்தவன் நான்கு வாயில்களையும் திறந்து வைத்திருக்கிறான். குறை அவனிடம் இல்லை. நான்கும் நான்கு திசையிலிருந்து சுட்டிய ஒரு பொருள் நடுவே இருந்தது. கேட்டவர் அப்பொருளை விட்டுவிட்டுச் சுட்டிய விரல்களையே ஒன்றாகச் சேர்த்து உடலாக்கினர்.

பெயர் சொல்லும் செய்தி

நடுவே இருந்த பொருள் எது? பெயரே அதனைக் காட்டிக் கொடுக்கிறது. மார்ட்டிகோரா என்பது இந்தியச் சொல் என்றும், கிரேக்கத்தில் 'மனிதரைத் தின்பது' என்று பொருள்படும் என்றும் டீசியஸ் எழுதினார். பொருள் சரி, மொழி வேறு. அது பழம் பாரசீகத் தொடர். 'மர்த்திய' என்றால் மனிதன். இறக்குந் தன்மையன் என்னும் பொருளில் வடமொழியில் வழங்கும் 'மர்த்திய' என்பதன் உடன்பிறப்பு அச்சொல். பின்னுள்ளது 'உண்' என்னும் வினைச்சொல். ஆக அது ஓர் இனத்தின் பெயரன்று. ஒரு செயலின் பெயர். ஆட்கொல்லி என்று நாம் கூறுவது எதுவோ அதுவே மார்ட்டிகோரா.

ஆட்கொல்லி என்ற சொல்லைக் கேட்ட நம்மவர் எவரும் அப்பெயரில் தனி விலங்கு ஒன்று காட்டில் உண்டென எண்ண மாட்டார். ஆட்கொல்லியாகிவிட்ட புலி என்றே கொள்வர். அடைமொழி மட்டும் கடல் கடந்து சென்றது. அது தழுவி நின்ற பெயர் இங்கேயே தங்கிவிட்டது. அடைமொழிக்கு ஓர் உடல் தேவைப்பட்டது. அவ்வுடலை உவமைகள் கொடுத்தன.

பின்னர்ப் பெயரின் ஓரெழுத்தும் திரிந்தது. அரிஸ்டாட்டிலின் விலங்கு நூற்படிகளிலும் பிறவற்றிலும் ரகரத்தின் இடத்தில் னகரம் புகுந்து, மார்ட்டிகோரா மான்டிகோரா ஆயிற்று. இலத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது இத்திரிந்த வடிவமே. ஏடெழுதுவோர் கைப்பிழையால் நேரும் பாடவேறுபாடுகள் நமக்குப் புதியன அல்ல. ஆனால் 'மனிதன்' என்னும் பொருளுடைய பகுதியே அப்பிழையில் அழிந்துபோனது கருதத்தக்கது. இறந்துபட்ட மனிதர்கள் பெயரிலிருந்தும் மறைந்தனர்.

ஐயுற்றோரும் மறுத்தோரும்

பழங்கால அறிஞர் அனைவரும் இதனை நம்பினர் எனக் கூறுதல் பிழையாகும். அரிஸ்டாட்டில் இச்செய்தியைத் தரும்போதே, டீசியஸை நம்பலாமாயின் என்ற நிபந்தனையோடுதான் தருகிறார். பாரசீக அரசருக்குப் பரிசாக வந்த ஒன்றைத் தாமே கண்டதாக டீசியஸ் கூறியதை எடுத்துரைக்கும் ஈலியனும், அவர் தக்க சான்றாயின் என்று தயங்குகிறார்.

தெளிவாகச் சிந்தித்தவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி வந்து எழுதிய பாசேனியஸ். டீசியஸ் கூறும் விலங்கு புலியே என்பது அவர் கருத்து. மூன்று வரிசைப் பற்களும் எய்யும் முட்களும் எவ்வாறு சேர்ந்தன? அவ்விலங்கின் மீது கொண்ட பேரச்சத்தால் மக்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிப் பெருக்கிய கதைகள் அவை என்கிறார். வெயிலில் ஓடும் புலி முழுச் சிவப்பாகத் தோன்றியிருக்கும் என நிறத்துக்கும் காரணம் காட்டுகிறார். புனைவு பொய்யாயினும் அதனை ஈன்ற அச்சம் மெய் என்னும் நுட்பமான கருத்து இதில் அடங்கியுள்ளது.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிலோஸ்ட்ராட்டஸ் எழுதிய அப்பொல்லோனியஸ் வரலாற்றில் ஒரு சுவையான பகுதி உண்டு. இந்தியாவுக்கு வந்த அப்பொல்லோனியஸ், யார்க்காஸ் என்னும் இந்திய முனிவரிடம் மார்ட்டிகோராவைப் பற்றிக் கேட்கிறார். இந்நாட்டில் அம்பெய்யும் விலங்கு உண்டென நான் கேட்டதே இல்லை என்பது முனிவர் விடை. அவ்வுரையாடல் புனைவாகவே இருக்கலாம். எனினும் அறுநூறு ஆண்டு பேச்சுக்குப் பின், விலங்கு வாழ்வதாகச் சொல்லப்பட்ட நாட்டைச் சேர்ந்த ஒருவர் வாயில் ஏட்டில் இடம்பெற்ற மறுப்பு அது. அந்த மறுப்பு எந்த ஓவியன் கையையும் நிறுத்தவில்லை.

அதற்கும் முன்பே உண்மைப் புலி மேலை நாட்டாரிடம் சென்றிருந்தது. கி.மு. 20இல் சாமோஸ் தீவில் அகஸ்டஸைக் கண்ட இந்தியத் தூதர் புலிகளைக் கொண்டு சென்றனர். கி.மு. 11இல் ரோம் நகரில் கூண்டுப் புலி ஒன்று மக்களுக்குக் காட்டப்பட்டது. மூலம் வந்தபின் நிழல் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. கி.பி. 77 அளவில் தம் இயற்கை வரலாற்றை முடித்த பிளினி, அதன் எட்டாம் நூலில் புலிக்கு ஓரிடமும் மான்டிகோராவுக்கு வேறோரிடமும் தருகிறார். உவமேயம் ஒரு பக்கத்திலும் உவமானம் மற்றொரு பக்கத்திலும் தனித்தனி உயிர்களாகப் பதிவு பெற்றுவிட்டன. பிளினி அதனை எத்தியோப்பியாவில் வைத்தார். மனிதப் பேச்சைப் போலப் பேசிக் காட்டும் என்ற செய்தியையும் சேர்த்தார்.

படியெடுத்தோர் கைகளில்

பிளினியின் நூல் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு அறிவுக் களஞ்சியமாக விளங்கியது. அவர் தொகுத்தவற்றைச் சோலினஸ் சுருக்கினார். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் மடங்களில் எழுதப்பட்ட விலங்கு நூல்களில் அச்சுருக்கம் வண்ண ஓவியங்களோடு இடம்பெற்றது. ஓவியன் புலியையும் கண்டவனல்லன், இந்தியனையும் கண்டவனல்லன். எழுத்தில் 'மனித முகம்' என்று இருந்தது; அவன் தாடி வைத்த மனிதத் தலையைச் சிங்கக் கழுத்தில் பொருத்தினான். சில படிகளில் அத்தலைக்குக் கீழைநாட்டாரைக் குறிக்கும் கூம்புத் தொப்பியும் உண்டு. விலங்குக்கு மனிதத் தலை வைத்ததோடு அமையாமல், அத்தலை எந்நாட்டு மனிதனுடையது என்பதையும் ஓவியம் சொல்லத் தொடங்கியது. அறியாத நாட்டு விலங்கைக் கொடியதாக்கிய கற்பனை, அறியாத நாட்டு மனிதனையும் அதனுள் வைத்துத் தைத்துவிட்டது. இவ்வரலாற்றில் நாம் சிரித்துவிட்டுக் கடந்து செல்ல இயலாத இடம் இதுவே.

அச்சுக்கலை வந்தபின் 1607இல் எட்வர்ட் டாப்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் நாற்கால் விலங்குகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை லண்டனில் வெளியிட்டார். சுவிட்சர்லாந்து அறிஞர் கெஸ்னரின் நூலைத் தழுவிய அதில், மான்டிகோர் மரச்செதுக்குப் படத்தோடு இடம்பெற்றது. விலங்கியல் தன் காலில் நின்றபின் அறிவு நூல்களிலிருந்து அது வெளியேறியது. இலக்கியத்தில் புகலிடம் பெற்றது. ஃபிளாபெர் 1874இல் வெளியிட்ட 'புனித அந்தோணியாரின் சோதனை' நூலில் அது தன்னைப் பற்றித் தானே பேசுகிறது. போர்ஹெஸ், மார்கரிட்டா கெர்ரெரோவுடன் சேர்ந்து 1957இல் தொகுத்த கற்பனை விலங்கு நூலிலும் அதற்கு இடம் உண்டு. அடுத்த புகலிடம் விளையாட்டு மேசை.

எண்ணாகிய விலங்கு

1974ஆம் ஆண்டு விதிநூலில் மான்டிகோருக்குக் கிடைத்தவை சில வரிகளே. சிங்க உடல், மனித முகம், இரும்பு முட்கள் நிறைந்த வால் ஆகிய மூன்றும் பழையன. புதிதாக ஒன்று சேர்ந்தது: டிராகனின் சிறகு. டீசியஸ், அரிஸ்டாட்டில், பிளினி, ஈலியன் எவரும் சிறகு கூறவில்லை. மற்றொன்றும் சேர்ந்தது: எண். வாலில் 24 முட்கள். ஒரு முறைக்கு 6 எய்யும்.

இந்த எண்ணைக் கவிஞர் இகழக் கூடும். இலக்கியத்தின் விலங்கைக் கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் எழுதியது போல் தோன்றும். உண்மையில் இதன் பயன் வேறு. 24ஐ ஆறாறாக எய்தால் நான்கு முறையில் முடியும். நான்கு முறை பாறை மறைவில் தாங்கி நின்றவர் ஐந்தாம் முறை வெளியே வரலாம். எல்லையற்றதாக இருந்த அச்சத்துக்கு எண் ஓர் எல்லை வகுத்தது. எல்லை வகுத்ததால் எதிர்த்து நிற்க வழி பிறந்தது.

2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலும் முட்கள் 24தான். எய்த முட்கள், விலங்கு நெடிய ஓய்வு கொண்டபின் மீண்டும் முளைக்கும் என்பது அங்குள்ள விதி. எய்த இடத்தில் முள் முளைக்கும் என்று டீசியஸும் கூறினார். முள் செல்லும் இயல்பான தொலைவு 100 அடி என்பது அப்பதிப்பின் விதி. டீசியஸ் சொன்ன பிளெத்ரானும் நூறு அடி. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது எனத் துணிந்து கூற இயலாது. ஆயினும் பாரசீக அவையின் பேச்சும் இன்றைய மேசையின் பகடையும் ஒரே அளவில் வந்து நிற்பது வியப்பைத் தருகிறது.

இதனினும் பெரிய மாற்றம் வேறொன்று. ஐந்தாம் பதிப்பின் மான்டிகோருக்குப் பேச்சு உண்டு; மனிதரின் பொதுமொழியை அது அறியும். 2019இல் புதிய ஆட்டக்காரர்களுக்காக வெளிவந்த 'டிராகன் ஆஃப் ஐஸ்பயர் பீக்' என்ற கதைத் தொகுதியில், மருத்துவச்சி ஒருத்தியின் இல்லத்தை ஒரு மான்டிகோர் தாக்குகிறது. அது அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. வெண்டிராகன் ஒன்று மலையிலிருந்த அதன் உறைவிடத்திலிருந்து அதனைத் துரத்திவிட்டது. ஆட்டக்காரர் அதனைக் கொல்லலாம். பேசிப் பொருளோ உணவோ கொடுத்து அனுப்பிவிடவும் செய்யலாம். மேசையைச் சுற்றியிருப்போருள் ஒருவர் விலங்கின் குரலாகப் பேச வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாக அதனைப் பற்றிப் பிறர் பேசினர்; இங்கே 'நீ ஏன் இங்கு வந்தாய்?' என்று அதனிடமே கேட்கப்படுகிறது.

முள்ளும் புண்ணும்

அவ்வினாவை உண்மை ஆட்கொல்லியிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. குமாவுன் மலைப்பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட், ஒவ்வொன்றையும் சுட்டபின் அதன் உடலை ஆராய்ந்தார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் வீழ்த்தினார். அதன் வலப்பக்கத்து மேல்கீழ்க் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிச் சூட்டால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் அது மனிதரை நாடிற்று என்பது அவர் முடிவு. மூன்று வரிசைப் பல் என்று ஏடுகள் கூறின. உண்மை ஆட்கொல்லிக்கு ஒரு வரிசையே முழுமையாக இல்லை.

முட்களைப் பற்றிய செய்தி இதனினும் வியப்பானது. முக்தேசர் என்னும் ஊரின் பெண்புலி, முள்ளம்பன்றியோடு மோதியதில் ஒரு கண்ணை இழந்தது. முன்னங்காலிலும் பாதத்தின் அடியிலும் ஏறத்தாழ ஐம்பது முட்கள் தைத்துச் சீழ்கொண்டன. பசியோடு புண்ணை நக்கிக்கொண்டு புல்லில் கிடந்தபோது, புல்லறுக்க வந்த பெண் ஒருத்தி அறியாது அருகில் சென்றாள். அதிலிருந்து தொடங்கியது. கொல்லப்பட்டோர் 24 பேர். விளையாட்டில் 24 என்பது முட்களின் எண். இங்கே அது மனிதர்களின் எண்.

முள்ளம்பன்றி தன் முட்களை எய்யும் என்ற நம்பிக்கை பிளினியின் நூலிலேயே உண்டு. தமிழிலும் 'எய்' என்பது முள்ளம்பன்றிக்குப் பெயர். அம்பு எய்தலைக் குறிக்கும் வினைப்பகுதியும் அதே வடிவினது. மார்ட்டிகோராவின் முட்கதைக்கு இத்தகைய புலியே மூலம் என்று சாதிப்பது நம் கருத்தன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தோன்றும் உண்மை ஒன்றுண்டு. கதையில் எது விலங்கின் படைக்கலமோ, காட்டில் அது விலங்கின் புண். தொலைவிலிருந்து கேட்டவன் முள்ளை வாலில் வைத்து அஞ்சினான். அருகில் சென்று பார்த்தவன் முள்ளைப் பாதத்தில் கண்டான். இறந்த இருபத்து நால்வரின் துயரம் இதனால் குறைவதில்லை; அது நேர்ந்த காரணம் தெளிவாகிறது.

நிறைவாக

பூத்த வேங்கை மரத்தைப் புலியென மயங்கிச் சினக்கும் யானையைச் சங்கப் பாடல்கள் காட்டும். வேங்கைப்பூப் பறிக்கும் மகளிர் புலியென ஆரவாரிப்பதும் அங்குண்டு. புலியை அன்றாடம் அஞ்சி வாழ்ந்த குறிஞ்சி நிலத்துப் பாட்டு அது. அங்கேயும் மயக்கம் உண்டு. ஆனால் மயக்கத்தை மயக்கம் என்றே புலவர் காட்டினார். மரம் மரமாகவே நின்றது; யானையின் சினமும் மகளிரின் குரலும் நமக்குக் கிடைத்தன. கண்ட பொருளுக்கும் கொண்ட மயக்கத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளியிலே கவிதை பிறந்தது. மான்டிகோரின் கதையிலோ அந்த இடைவெளி தூர்ந்துபோயிற்று. அங்கே பிறந்தது விலங்கு.

இதனால் கற்பனை தீதென்று கொள்ளற்க. டீசியஸின் விலங்கு இல்லையேல் ஃபிளாபெரின் ஒரு பக்கம் இல்லை. எண்ணற்ற மேசைகளில் நண்பர் கூடி நடத்தும் கதையும் இல்லை. கற்பனை விலங்கைக் கற்பனை என அறிந்தே ஆடும் அவ்விளைஞர்கள், அறிவு நூலென நம்பிப் படியெடுத்த பழைய துறவியரைக் காட்டிலும் தெளிந்தவர்கள். 'இருப்பதாகக் கொள்வோம்' என்ற உடன்பாட்டோடு ஆட்டம் தொடங்குகிறது. உதிர்ந்த 'போல' என்னும் உருபு அங்கே வேறு வடிவில் திரும்ப வந்து அமர்கிறது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கூட்டங்களில் கேட்கும் கவிதைகளிலும் பகைவர்கள் பாம்பாகவும் ஓநாயாகவும் வருவதுண்டு. உருவகம் கவிஞனின் உரிமை. ஆனால் உருபைத் தொகுப்பவன், அதனை விரிக்கத் தெரியாதவன் கையிலும் தன் பாட்டு சேரும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு மக்கள் கூட்டத்தை விலங்கென்று ஒருவன் பாட, 'போல' என்பதை அறியாத மற்றொருவன் வேலை எடுத்துக்கொண்டு புறப்பட்டதும் உலக வரலாற்றில் உண்டு. மனிதத் தலைக்குக் கூம்புத் தொப்பி வரைந்த ஓவியனும் தீமை செய்யக் கருதியவனல்லன். தனக்கு வந்த சொல்லை அப்படியே வரைந்தவன்.

சொல்லை அனுப்புவோர் நாம். அது தாங்கி வரும் அச்சம் யாருடையது, அந்த முள் எங்கே தைத்திருக்கிறது என்று ஒருமுறை அருகிற் சென்று பார்த்துவிட்டு அனுப்புவோமாக.